சுவர் யாருக்குச் சொந்தம்?

(திண்டுக்கல்லில் தோழர்களிடையே ஆற்றிய உரை)



பூட்டுப் பட்டறையும் தோல் ஷாப்பும் நிறைந்த ஊரில் சித்திரத்தைப் பற்றிப் பேச்சா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். சுவரையும் சுண்ணாம்பையும் தூரிகையையும் உங்களைவிட அறிந்தோர் யார்? 1973 இடைத்தேர்தலில் இரட்டை இலை முதன்முதலாகக் களம் கண்ட தொகுதியல்லவா இது! ஆகவே சுவரைப் பற்றியே பேசுகிறேன்.

1933-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், ராக்பெல்லர் மாளிகையின் முன்கூடத்தில் மெக்ஸிகோ ஓவியர் டியகோ ரிவேரா சித்திரம் தீட்டிக் கொண்டிருந்தார். முன்னர் காட்டிய வரைபடத்தில் இல்லாத முகம் ஒன்று சுவரில் தோன்றிற்று. லெனின் முகம்! அகற்றுக என்றார் நெல்சன் ராக்பெல்லர். வேண்டுமானால் லிங்கனையும் சேர்க்கிறேன், லெனினை அழிக்கமாட்டேன் என்றார் ரிவேரா. பேசிய 21,000 டாலரையும் தீர்த்து அவரை வெளியே அனுப்பினர். 1934 பிப்ரவரியில் சித்திரத்தைக் கொத்தி எறிந்தனர்.

சுவர் என்னுடையது, கூலியும் கொடுத்தாயிற்று என்பது முதலாளியின் வாதம். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. ஆயினும் கேட்கிறேன்: கூலி கொடுத்தவர் வாங்கியது கையின் உழைப்பையா, கருத்தையுமா? தாடிக்கொம்பு மண்டபத்துச் சிற்பங்களைப் பாருங்கள். கல் கோயிலுடையது, சாமி கும்பிடாதவரும் நின்று பார்க்கிறாரே, அந்தக் காட்சி யாருடையது? ரிவேரா விடவில்லை. அதே ஆண்டில் மெக்ஸிகோ நகரத்து நுண்கலை மாளிகையில் மீண்டும் தீட்டினார். இம்முறை நெல்சனின் தந்தையாரையும் மது விருந்தில் அமர்த்திவிட்டார்!

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1932-இலேயே இக்கதை நடந்திருந்தது. வெப்ப நாட்டின் வனப்பை எதிர்பார்த்தே சிகேய்ரோஸுக்குச் சுவர் தந்தனர். அவர் வரைந்ததோ, சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதன். அவன் தலைக்கு மேல் அமெரிக்கக் கழுகு. சுண்ணாம்பு பூசி மறைத்தனர். 1960-களின் இறுதியில் வெள்ளை உரிந்தது. உள்ளிருந்த உருவம் தெரியலாயிற்று. அந்நகரில் வாழும் மெக்ஸிகோ வழியினரான இளம் ஓவியர்கள் அதனால் ஊக்கம் பெற்றுத் தம் தெருச் சுவர்களில் தீட்டினர். 2012-இல் அச்சித்திரம் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

இனி நம் கணக்குக்கு வருவோம். ஏழையின் சுவரில், அவரைக் கேளாமலே, 'ரிசர்வ்' என்று எழுதுவது யார்? மாற்றார் சின்னத்தின் மீது இரவோடிரவாகச் சுண்ணாம்பு அடிப்பது யார்? பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராக 1959-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சட்டம் கிடக்கட்டும், நியாயத்தைக் கேட்கிறேன். ராக்பெல்லர் சுவருக்கு உரியவர். நாம் அதுவும் இல்லை. அவர் கூலி கொடுத்தார். நாம் அதுவும் கொடுக்கவில்லை.

ரிவேராவும் பிறர் சுவரில்தானே தீட்டினார் என்பீர்கள். தீட்டினார், அழைக்கப்பட்டுப் போய்த் தீட்டினார். வரும் தேர்தலுக்குத் தூரிகை எடுக்கும் தோழர் முதலில் வீட்டுக் கதவைத் தட்டட்டும். உள்ளேயிருக்கும் அம்மையார் வேண்டாம் என்றால், சாய வாளியோடு அடுத்த வீட்டுக்குப் போகட்டும்.