ஒரு சொல், பல வாசல்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)

 

எங்கள் வகுப்பினருக்குத் தந்த பத்து நிமிடத்தில் ஒரேயோர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறோம். மூன்றெழுத்துச் சொல்: 'பார்'.

தமிழில் பார் என்றால் உலகம்; காண் என்பதும் அதுவே. எங்கள் கரையில் இன்னொரு பொருளும் உண்டு. கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டை மீனவர்கள் பார் என்பார்கள். மன்னார்க் கடலில் முத்துச் சிப்பி விளைந்த பெரிய பார், சேவல் பார் என்ற பெயர்களை ஆங்கிலேயர்கூட மாற்றாமல் தங்கள் அறிக்கைகளில் எழுதிவைத்தார்கள். கற்பிட்டிக்கு அப்பால், 1992இல் சரணாலயமாக்கப்பட்ட முருகைக்கற் பாறைகளுக்கு ஆங்கிலத்தில் 'பார் ரீஃப்' என்று பெயர்.

ஆங்கிலப் 'பார்' பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. கதவை அடைத்துக் குறுக்கே போடும் மரம் என்பது அதன் பழைய பொருள். மற்றவை அதிலிருந்து கிளைத்தவை. யன்னல் கம்பியும் பார். நீளமான சவர்க்காரக் கட்டியும் பார். மதுக்கடையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே இருந்த பலகையின் பெயர் பிறகு கடைக்கே ஆகிவிட்டது. சிலாபம் களப்பின் வாயில் சேரும் மணல்திட்டும் பார்தான். அது படகை மறிக்கும். கடலிலிருந்து களப்புக்குள் வரும் இறால் குஞ்சையும் மறிக்கும்.

நீதிமன்றத்திலும் ஒரு மரத்தடுப்பு உண்டு. அதனால் சட்டத்தொழிலுக்கும் அதே பெயர். பிரித்தானியாவில் 1919இல் ஒரு சட்டம் வரும்வரை அந்தத் தொழிலுக்குள் பெண்கள் நுழைய முடியவில்லை. கொழும்பில் பிறந்த ஆவாபாய் மேத்தா 1934இல் பாரிஸ்டர் தேர்வில் சித்தியடைந்தார்; இலங்கையிலிருந்து அதைச் சாதித்த முதற் பெண் அவரே. பெண்களை மறித்ததும் 'பார்'. அவர்கள் அழைக்கப்பட்டதும் 'பாருக்கு'!

எந்தப் பொருள் என்று எப்படி அறிவது? பக்கத்தில் நிற்கும் சொல்லைக் கேளுங்கள். 'பிஹைன்ட் பார்ஸ்' என்றால் சிறையில். 'கோல்ட் டு த பார்' என்றால் சட்டத்தொழிலுக்குள் அனுமதிக்கப்பட்டவர். 'பார்ட் ஃப்ரொம்' என்றால் தடுக்கப்பட்டவர். ஒரே சொல் ஒருவரை உள்ளே அழைக்கிறது, இன்னொருவரை வெளியே நிறுத்துகிறது. சிறு இணைப்புச் சொல்லைக் கவனிக்காதவர் பொருளைத் தலைகீழாக விளங்கிக்கொள்வார்.

இது பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் சொல்வதல்ல. 'டைம் பார்ட்' என்று ஒரு தொடர் உண்டு. காலம் கடந்ததால் உரிமை கேட்க முடியாது என்பது அதன் பொருள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இந்தக் கரையில் தஞ்சம் புகுந்தன. அவர்களின் பிள்ளைகளும் எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். விட்டுவந்த காணியை வேறொருவர் பத்து ஆண்டுகள் தடையின்றித் தனதாக ஆண்டுவந்தால் உரிமை அவருக்குப் போகலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். போரினால் காணிக்குத் திரும்ப முடியாதவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் காட்டி அவர்களின் வழக்கைத் தள்ளிவிடக் கூடாது என்றது. ஆனால் அந்தச் சலுகைக்கு இரண்டே ஆண்டுகள்தான் தந்தது.

இரண்டு ஆண்டு என்பது நீண்ட காலமல்ல. வந்த கடிதத்தை வாசித்து விளக்க வீட்டில் ஒருவர் இல்லாவிட்டால் அது இன்னும் குறுகிவிடும். அலுமாரியில் மடித்து வைத்த கடிதத்துக்காகச் சட்டம் காத்திருக்காது.

ஆகவே கொழும்பிலும் டோஹாவிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஊருக்கு வரும்போது இனிப்புப் பெட்டியோடு ஒரு மணி நேரத்தையும் கொண்டு வாருங்கள். அயல்வீட்டு உம்மாவுக்கு, அம்மாவுக்கு வந்த கடிதத்தை உரக்க வாசித்து, தமிழில் சொல்லிக் கொடுங்கள். இங்கே படிக்கும் தங்கைமாருக்கும் அந்தப் பழக்கத்தைக் கொடுங்கள். ஒரு நூற்றாண்டாக இந்தக் கல்லூரி எங்களுக்குத் தந்த எழுத்தறிவு அடுத்த வீட்டு வாசல்வரையாவது போகட்டும்.