சந்தியில் நின்ற இளவரசன்



1733ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள், ஜேர்மனியின் லைப்சிக் நகரில், சிம்மர்மான் என்பாருடைய கோப்பிச்சாலைத் தோட்டத்திலே ஓர் இசைவிழா நடைபெற்றது. சக்சனி நாட்டு இளவரசன் பிரெடெரிக் கிறிஸ்தியானுக்கு அன்று 11 வயது நிரம்பிற்று. அந்நாளைக் கொண்டாடுதற்கென யோகான் செபஸ்தியான் பாக் ஒரு கன்டாட்டாவை இயற்றித் தம் குழுவினரைக் கொண்டு பாடுவித்தார். கன்டாட்டா என்பது வாத்தியங்கள் சூழப் பாடகர் பாடும் தொடர்பாடல். வேடமும் திரையும் இல்லாத இசை நாடகம் என இதனைக் கொள்ளலாம்.

பாடலை யாத்தவர் பிக்காண்டர் என்னும் புனைபெயருடைய புலவர். எடுத்துக்கொண்ட பொருளோ பழைய கிரேக்கக் கதை. இளைஞன் ஹெர்க்குலிஸ் இரு வழிகள் பிரியும் சந்தியில் நிற்கின்றான். இன்பம் என்னும் நங்கை இனிய தாலாட்டுப் பாடி அவனை உறங்க அழைக்கின்றாள். அறமோ உழைப்பின் வழியைக் காட்டுகின்றது. அவன் இன்பத்தின் குரலை மறுத்து அறத்தைக் கைப்பிடிக்கின்றான். இறுதியில் மெர்க்குரி என்னும் தேவன் தோன்றி, இந்த ஹெர்க்குலிஸ் நம் இளவரசனே என்று போற்றுகின்றான்.

இது வெறும் முகஸ்துதிதானே என்று கேட்பீர்கள். பாக் அரண்மனைப் பட்டம் ஒன்றை வேண்டி அவ்வாண்டு சூலை மாதத்தில் விண்ணப்பித்திருந்தார் என்பதும், 1736இல் அது கிடைத்தது என்பதும் உண்மையே. ஆயினும் அவர் தோமையர் பாடசாலையில் மாணவர்க்கு இசை கற்பித்த ஆசிரியருமாவார். 11 வயதுப் பிள்ளைகளை நாள்தோறும் காணும் தலைமையாசிரியனாகிய எனக்கு, அவ்வயதில் ஒருவனைப் புகழ்வதினும் அவன் தெரிந்துகொள்ள வேண்டிய வழியைக் காட்டுவதே மேலெனத் தோன்றுகின்றது. இப்பாடல் அவ்விரண்டையும் ஒருங்கே செய்தது.

ஒருநாட் கொண்டாட்டத்துக்காகப் பிறந்த இசை அந்நாளோடு மடியவில்லை. அடுத்த ஆண்டு நத்தார்த் திருநாளுக்கான பெரும் இசைத் தொகுப்பிலே, பாக் இதன் பாடல்களுட் பலவற்றைப் புதிய சொற்களுடன் சேர்த்தார். இளைஞனை மயக்க இன்பம் பாடிய அத்தாலாட்டே குழந்தை இயேசுவின் தாலாட்டாயிற்று. இன்பத்தை விரட்டிய பாடலோ, வரும் பெருமானை எதிர்கொள்ள ஆயத்தமாகுமாறு அழைக்கும் பாடலாயிற்று. இனிமை தன்னளவிற் குற்றமுடையதன்று. எவர்க்கு, எதன்பொருட்டு அது பாடப்படுகின்றது என்பதே கருதத்தக்கது.

இளவரசன் என்னவானான்? இளமை முதலே கால் வலுவற்றிருந்த அவன், 1763 ஒக்டோபரிலே, ஏழாண்டுப் போரால் நொந்து கடனில் மூழ்கிக் கிடந்த நாட்டுக்கு அதிபதியானான். உடனேயே அரண்மனைச் செலவைக் குறைத்துச் சீர்திருத்தங்களைத் தொடங்கினான். ஆனால் பெரியம்மை கண்டு அவ்வாண்டு டிசம்பர் 17ஆம் நாள் இறந்தான். அவன் ஆட்சி மூன்று மாதமும் நிலைக்கவில்லை. பாக் அதற்கு 13 ஆண்டுகட்கு முன்னரே மறைந்துவிட்டார். எனினும், சந்தியிலே நின்ற சிறுவன் கடினமான வழியையே தெரிந்துகொண்டான் என்பதை அச்சில நாட்கள் காட்டுகின்றன.

நம் பிள்ளைகளை வாழ்த்தும்போது இதனை நினைவிற் கொள்வோமாக.