அறுமீனும் இருகண்நோக்கியும்

(சாயர்புரத்தில் தமிழ்ப் பற்றாளர்முன் நிகழ்த்திய உரை)



அறுமீன் என்றதும் முருகன் கதை சொல்வார் பலர். வானை அண்ணாந்து 'அதோ!' என்று விரல் நீட்டுவார் சிலரே. ஆரல், அறுமீன் என்னும் தமிழ்ப் பெயர்களைக் கார்த்திகை என்னும் வடசொல் மறைத்தது. பெயரை மீட்டோம், மீனை மீட்டோமா? பொருளைக் காணாதார் காக்கும் சொல் ஏட்டிலேயே கிடந்து மட்கும்.

சாயர்புரத்தார்க்கு அக்காட்சி அரிதன்று. சிலைத் திங்கள் (மார்கழி) நடுவில், இரவு ஒன்பதரை மணியளவில், அறுமீன் இவ்வூர் உச்சிக்குச் சற்றே வடக்கில் நிற்கும். அது எழும் வடகீழ்த்திசையில் தூத்துக்குடியின் விளக்கொளி வானை வெளுக்கச் செய்வதால், மேலேறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

விளக்கீட்டு நாளில் தேடாதீர். அன்று முழுமதி அறுமீனை அடுத்து நிற்கும். அகநானூற்று 141ஆம் பாட்டில் நக்கீரர் குறித்த சேர்க்கை அதுவே. விழாவிற்கு ஏற்ற இரவு. மீன் எண்ணுதற்கு ஏலாத இரவு!

வெறுங்கண்ணுக்கு ஆறு. ஏழு மடங்கு பெருக்கும், 50 மில்லிமீட்டர் வில்லையுள்ள இருகண்நோக்கியை உயர்த்தினாலோ, பல பத்து மீன்கள் நீலஞ்சார்ந்த வெண்மையில் சிதறிக் கிடக்கும். 1610இல் கலிலியோ தம் சிறு தொலைநோக்கியாற் கண்டு 36 மீன்களை வரைந்து காட்டினார். இக்கொத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை உள என்பர் இன்றைய வானூலார். அனைத்தும் ஒரே முகிலிற் பிறந்தவை; அகவை ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டு; தொலைவு ஏறத்தாழ 440 ஒளியாண்டு. மதுரையில் நாயக்கர் ஆண்ட நாளிற் புறப்பட்ட ஒளியே இன்று நம் கண்ணிற் புகுகின்றது.

பெருக்கமே பெருமையென்று நெடுங்குழல் வாங்குவார் இங்கு ஏமாறுவர். நான்கு முழுமதிகளை வரிசையாக வைத்தாற்போல் அகன்ற கொத்து இது. மிகப் பெருக்கினால் ஒரு மூலையே குழலில் அகப்படும்.

இவ்வாயிரத்தையும் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவாரும் உளர். அது முன்னோர்க்குச் சேர்க்கும் பெருமையன்று. அவர்கள் கண்டது ஆறு, ஆறென்றே பெயரிட்டனர். கண்டதைக் கண்டவாறு சொன்ன அந்நேர்மைக்கு ஒட்டுப்போட வேண்டுவதில்லை.

ஊருக்கு ஒரு நோக்கி போதும். மொட்டைமாடியில் பாய் விரித்துப் பிள்ளைகளை மல்லாந்து படுக்கச் செய்யுங்கள். கழுத்தும் நோகாது, கையும் நடுங்காது. முதலில் வெறுங்கண்ணால் எண்ணட்டும். ஐந்தென்பான் ஒருவன், கூர்ங்கண்ணி ஒருத்தி ஏழென்பாள். அவரவர் எண்ணைக் குறித்துக்கொண்ட பின்னரே நோக்கியைக் கையிற் கொடுங்கள்.