‘மாநகர்’ என்னும் சொல்

சங்க நூல்களில் ‘நகர்’ என்பது ஊரை மட்டும் குறித்ததன்று; இல்லத்தையும் மாளிகையையும் கோயிலையும் குறித்தது. ஆதலின் ‘மாநகர்’ என்பது பெரிய வீட்டுக்கும் பெயராயிற்று. ஊரின் பெருமை சொல்ல ‘மூதூர்’, ‘பேரூர்’ என்பனவும் வழங்கின. சோழர் கல்வெட்டுகளிலோ ‘நகரம்’ வணிகர் அவையாகும். அவ்வவையோர் நகரத்தார் எனப்பட்டனர்.

முதலிபாளையம் என்பதிலுள்ள ‘பாளையம்’ படை தங்கும் பாசறையைச் சுட்டும் சொல். பாசறை தங்கிப் பெயர்வதற்கு. நகர் நிலைத்து வாழ்வதற்கு.

அருகிலுள்ள திருப்பூர் 2008-இல் மாநகராட்சியாயிற்று. பின்னலாடை வணிகத்தால் கல்வெட்டு தரும் பொருள் அதற்கு முழுதும் பொருந்துகின்றது. பிழைப்புத் தேடி வந்து பனியன் நிறுவனங்களில் உழைப்போர் ஒவ்வொருவர்க்கும் நல்லதோர் இல்லம் வாய்க்கும் நாளிலேயே சங்க நூல் தரும் பொருளும் பொருந்தும். அதுவரை, சொல்லால் மாநகர். வாழ்வால் இன்னும் பாளையமே.