கலகலவென்னும் சொல்



மத்தூரில் நடக்கும் இத்தகைய அறக்கட்டளை மேடைகளிலே காவியத்தையோ சாஸ்திரத்தையோ எடுத்துப் பேசுவது சம்பிரதாயமாயிருக்க, நான் ‘கலகல’ என்னும் ஒரு சிறு சப்தத்தையே விஷயமாகக் கொண்டேன். இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராது என்று வரையறுப்பதற்காகவே கிளவியாக்கத்திலே தொல்காப்பியர் ஒரு சூத்திரம் இயற்றியிருக்கையில், அவ்வகைச் சொற்களை அற்பமென்று நாம் தள்ளிவிடுவது தகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பேரக்குழந்தைகள் வந்திறங்கிய வீடு கலகலப்பாயிருக்கிறது என்கிறோம். பங்காளிகள் பிரிந்த குடும்பமோ கலகலத்துப் போயிற்று என்கிறோம். கூடுவதற்கும் குலைவதற்கும் ஒரே சொல் எவ்வாறு பொருந்திற்று? இதற்கு விடையை நிகண்டுகளிலே தேடுவதினும் களத்துமேட்டிலே தேடுவது நலம். காயப்போட்ட நிலக்கடலையைக் காதருகே குலுக்கிப் பார்க்கும் குடியானவர், பருப்பு தோட்டை விட்டு விலகிக் கலகலத்தால்தான் காய்ச்சல் போதுமென்று மூட்டை கட்டுகிறார். இவ்வட்டாரத்துப் புளியமரங்களிலே, சதை சுருங்கி ஓடு தனித்தபின், கொத்தை அசைத்த மாத்திரத்தில் அவ்வொலி எழுகிறது. அதே கோடையில் வண்டிச் சக்கரத்தின் மரம் வற்றி, இரும்புப் பட்டை தளர்ந்து, ஆரக்கால்கள் கலகலக்கத் தொடங்கினாலோ, வண்டிக்காரர் தச்சரையும் கொல்லரையும் தேடி ஓடுகிறார். இறுகியிருந்தது நெகிழ்ந்தாலன்றி இவ்வொலி பிறவாது. அந்நெகிழ்ச்சி கடலைக்குப் பக்குவம், சக்கரத்துக்குச் சேதம். மனம் நெகிழ்ந்து சிரிக்கும் வீட்டையும், கட்டு நெகிழ்ந்து சிதறிய வீட்டையும் தமிழன் ஒரே சொல்லால் குறித்தது இக்காரணம் பற்றியே என்று நான் கருதுகிறேன்.

ஆங்கிலத்தாருக்கு இதனையொத்த சொல் ‘ராட்டில்’. குழந்தையின் கிலுகிலுப்பைக்கும் அதுவே பெயர். நிலைகுலைந்தவனின் கலக்கத்துக்கும் அதுவே சொல். நம் வேலியோரத்துக் கிலுகிலுப்பைச் செடியின் இனத்துக்கு 1753-ல் குரோட்டலேரியா என்றும், வாலையசைத்து ஒலியெழுப்பும் அமெரிக்கப் பாம்பின் இனத்துக்கு 1758-ல் குரோட்டலஸ் என்றும் லின்னேயஸ் பெயரிட்டபோது, கையில் வைத்துத் தட்டும் ஒரு கிரேக்க வாத்தியத்தின் பெயரையே இரண்டிற்கும் மூலமாகக் கொண்டார்.

மத்தூரை விட்டு ஓசூர்ப் பக்கம் செல்லச் செல்லத் தெலுங்கும் கன்னடமும் காதில் விழுகின்றன. அவ்விரு மொழியினரும் முதலெழுத்தைக் ‘கங்கை’யின் முதலெழுத்தைப்போல ஒலித்து, வளையலோசைக்கு இச்சொல்லையே வழங்குகின்றனர். நீலகிரித் தோதவர் மொழியை ஆராய்ந்த மொழியியலறிஞர் எமனோ, இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்கள் திராவிட மொழிகளும் ஆரிய மொழிகளும் பகிர்ந்துகொண்ட இந்தியப் பரப்பின் லக்ஷணம் என்பதை 1969-ல் வெளியிட்ட கட்டுரையொன்றிலே விரிவாக எடுத்துக்காட்டினார். அவர் பல அகராதிகளைப் புரட்டித் திரட்டிய சான்றின் ஒரு பகுதி உங்கள் சந்தையிலே நாள்தோறும் காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது.

மரச்சக்கரங்களின் இடத்தை ரப்பர் டயர்கள் பிடித்துக்கொண்டன. ஆரக்கால் கலகலத்ததைக் காதாரக் கேட்டவர்கள் முதியவர்களே. அவர்கள் வாய்ச்சொற்களையும், ஓசூர்த் தொழிற்சாலைகளிலே நட்டு தளர்ந்த இயந்திரத்தின் ஓசைக்கு நம் இளைஞர்கள் வழங்கும் சொற்களையும், மும்மொழியிலும் ஊர்தோறும் ஒலிப்பதிவு செய்து வைப்பதற்கு இவ்வறக்கட்டளை அடுத்த ஆண்டு முதல் ஒரு தொகையை ஒதுக்க வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.