தோட்டத்திற்கு வந்த ஆறுமணிக்குருவி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தோட்டத்துப் பறவைகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது சற்றே தயங்கினேன். நான் பறவை நூல் கற்றவன் அல்லன். செம்பூரில் தரைத்தள வீடொன்றில், பத்தடி அகலத் தோட்டம் ஒன்றை வளர்த்து வருபவன், அவ்வளவே. ஆயினும் அத்தோட்டம் எனக்குப் புகட்டிய பாடம் ஒன்று உண்டு. அதனை உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில், விடியற்காலையில், செம்பருத்தியின் அடியில் சருகுகளைக் கிளறிக்கொண்டிருந்தது ஒரு பறவை. மைனாவினும் சிறியது. முதுகு பச்சை, தோளில் நீலம், கண்ணின் மேல் கருங்கோடு, வாலடியில் குங்குமச் சிவப்பு. வாலோ இருந்தும் இல்லாதது போன்ற குட்டை வால். இந்நகரத்து மக்கள் இதனை நவரங் என்பர். வாயிலில் நின்ற என் தாயார், "அடடே, நம்மூர் ஆறுமணிக்குருவி!" என்று வியந்தார். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை ஒலிப்பதால் வந்த பெயர் அது.

இப்பறவை குளிர்காலத்தைத் தமிழகத்திலும் இலங்கையிலும் கழிக்கும். மழைக்காலத்திற்கு முன் வடக்கே புறப்பட்டு, மத்திய இந்தியா, இமயத்தின் அடிவாரம் முதலிய இடங்களில் கூடு கட்டும். பயணம் பெரும்பாலும் இரவில். நாம் இரயிலேறி வந்த தொலைவை அது தன் சிறகால் கடந்து, களைத்து, நம் வாயிலில் இறங்கியிருந்தது.

நான் செய்தது என்ன? மகனைக் காமிராவுடன் அழைத்து, "இன்னும் கிட்டப் போ, இன்னும் கிட்ட!" என்று தூண்டினேன். மூன்றாம் அடியில் பறவை வெருண்டெழுந்து, சன்னல் கண்ணாடியில் மோதி விழுந்தது. கண்ணாடியில் தெரிந்த மரத்தை அது மெய்ம்மரம் என்று நம்பிவிட்டது. "வந்த விருந்தாளியை வரவேற்கிற லட்சணம் இதுதானா?" என்றார் தாயார். எனக்கு விடை இல்லை.

காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் அதனை வைத்து, இருட்டான அமைதியான அறையில் விட்டோம். உணவோ நீரோ புகட்டவில்லை. மயங்கிய பறவைக்குப் புகட்டுவது தீங்கு. கூண்டில் வளர்க்கலாமா என்று கேட்ட பக்கத்து வீட்டுச் சிறுவனிடம், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை அனுமதிப்பதில்லை என்பதை எடுத்துரைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது, அது ஒரு கணம் எங்களை நோக்கிவிட்டு மாமரத்திற்குப் பறந்தது. அன்று மாலை, ஏறக்குறைய ஆறு மணிக்கு, அம்மரத்திலிருந்து இரட்டைச் சீழ்க்கை கேட்டது. தாயார் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அன்பர்களே, சலீம் அலி வாழ்ந்த நகரம் இது. இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் 1941இல் வெளிவந்து பல்லாயிரவரின் கண்களைத் திறந்தது. நம் தமிழர் மா. கிருஷ்ணனோ கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கையைப் பற்றி எழுதினார். கறுப்பு வெள்ளையில் அரிய வனவிலங்குப் படங்களையும் எடுத்தார். அத்தகையோரின் முதற்கருவி காமிரா அன்று, பொறுமையே.

ஆகவே சில வேண்டுகோள்கள். படமெடுப்போர் ஓரிடத்தில் அசையாது அமர்ந்திருங்கள். பறவை தானே அருகில் வரும். பளிச்சொளியைத் தவிருங்கள். பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலித்து அதனை ஏமாற்றி அழைக்காதீர்கள். கூட்டின் அருகே செல்லாதீர்கள். சன்னல் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இடுங்கள். மண்தட்டில் நாள்தோறும் புதுநீர் வையுங்கள். மூலையில் கொஞ்சம் சருகைப் பெருக்காமல் விடுங்கள். அதிலுள்ள பூச்சிகளே விருந்தாளிக்கு இலைபோட்ட சாப்பாடு.

அன்று மகன் எடுத்த ஒரே படத்தில் பச்சையும் சிவப்புமாக ஒரு மங்கல் மட்டுமே உள்ளது. அதனைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். பார்ப்பவர் எவர்க்கும் அது பறவையென்று தெரிவதில்லை. எனக்குத் தெரிகிறது, என் பிழையும் அதில் தெரிகிறது.