எண்ணெய் குடிக்கும் கார்

சிங்கப்பூரில் ஒரு காருக்குப் பத்து வயது முடியும்போது அதன் உரிமையாளர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வண்டியைப் பதிவிலிருந்து நீக்கலாம். அல்லது முந்தைய மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டி, சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழை 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். செம்பவாங் வட்டாரப் பட்டறைகளில் அந்தச் சமயத்தில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது: “ஆயில் குறையுது, எங்க போகுதுன்னே தெரியல. கீழே ஒரு சொட்டுகூட இல்ல!”

எண்ணெய் வெளியே கசியும், உள்ளே எரியும், அபூர்வமாகக் குளிர்நீரோடு கலக்கும். கலந்திருந்தால் குளிர்நீர்த் தொட்டியைத் திறந்ததுமே தே தாரேக் தேநீரின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அதை இத்தோடு விடலாம்.

கசிவு கொஞ்சம் தந்திரக்காரன். வால்வ் கவர் கேஸ்கெட் இறுகிப்போனால், வழியும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் விழுந்து தரையைத் தொடுமுன்பே எரிந்துவிடும், வாடைதான் மிஞ்சும். கியர்பாக்ஸை ஒட்டிய சீல் கசிந்தால் எண்ணெய் அடித்தகட்டில் தேங்கி நிற்கும். இரவில் வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். அதிலும் அகப்படாவிட்டால், பட்டறையில் எண்ணெயோடு ஒளிரும் சாயம் கலந்து, புற ஊதா விளக்கில் தேடுவார்கள்.

அதற்கும் முன்னால் அளவு தெரிய வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் சரிவில் நிற்கும் காரில் எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவினால் அது பொய்தான் சொல்லும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பல கார்களில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். 1,000 கிலோமீட்டர் ஓட்டி, எவ்வளவு ஊற்ற வேண்டியிருந்தது என்று எழுதி வையுங்கள். டொயோட்டா கையேடுகள் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை, ஃபோக்ஸ்வேகன் கையேடுகள் அரை லிட்டர் வரை ஏற்கின்றன. ரொம்பத் தாராளம்! பழைய காரில் கையேடு சொல்லும் அளவில் பாதி குறைந்தாலே காரணத்தைத் தேடத் தொடங்கலாம்.

புகையும் தடயம்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரே ஒரு நீலப் புகை வந்து மறைந்தால் வால்வ் சீல். வேகமெடுக்கும்போது வந்தால் பிஸ்டன் ரிங். (புகை பார்ப்பதற்காக நிறுத்துமிடத்தில் இன்ஜினை ஓடவிட்டு நிற்காதீர்கள், நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம்.) பெரிய செலவில் இறங்கும் முன் பிசிவி வால்வைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் சின்னப் பொருள், அதிகச் செலவில்லை. அது அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி எண்ணெயை வெளியே தள்ளும். திறந்தபடி சிக்கிக்கொண்டால் எண்ணெய் ஆவியை உறிஞ்சி எரித்துவிடும்.

இனி, சொட்டும் இல்லை புகையும் இல்லை என்ற அந்தப் புதிர். பிஸ்டனில் மூன்று ரிங்குகள். மேலே உள்ள இரண்டும் முக்கியமாக வாயு அழுத்தத்தைத் தாங்குபவை. மூன்றாவது, சிலிண்டர் சுவரில் ஒட்டிய எண்ணெயை வழித்து, பிஸ்டனில் உள்ள ஊசித்துளைகள் வழியாகக் கீழே அனுப்பும். அந்தத் துளைகளில் கரி அடைத்தால் ரிங் தன் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும். சுவரில் தங்கும் மெல்லிய படலம் ஒவ்வொரு வெடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக எரியும். சிறிதளவு என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே புகையை மறைத்துவிடும். நாளடைவில் அதுவும் கெடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். “கம்ப்ரஷன் பார்த்தாச்சு, நாலு சிலிண்டரும் நல்லா இருக்கு” என்று சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சோதனை விசாரிப்பது மேல் ரிங்குகளையும் வால்வுகளையும். மூன்றாவது ரிங்கை அது கேட்பதே இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சின்ன கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால், பிஸ்டனின் தலையில் கரியும் விளிம்பில் ஈரமும் தெரியும்.

இது ஓட்டுநரின் குற்றமாகவே இருக்க வேண்டியதில்லை. டொயோட்டாவின் 1இசட்இசட் இன்ஜினின் தொடக்ககாலப் பிஸ்டன்களுக்கு இந்தக் கெட்ட பெயர் உண்டு. பின்னர் நிறுவனமே பிஸ்டனை மாற்றியமைத்தது. கேம்ரியிலும் எஸ்டிமாவிலும் வந்த 2.4 லிட்டர் இன்ஜினுக்கும் அதே கதை. அமெரிக்காவில் 2015-இல் அதன் உத்தரவாதத்தை நீட்டித்தார்கள். ஆடியின் 2.0 டர்போ விவகாரம் அங்கே நீதிமன்றம் வரை போனது.

அளவு பார்ப்பதிலும் ஓர் ஏமாற்று உண்டு. செம்பவாங்கிலிருந்து தினமும் அருகிலேயே வேலைக்குப் போய்வரும் காரில் எண்ணெய் குறையாதது போலவே தோன்றும். குறுகிய ஓட்டத்தில் எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் கலந்து மட்டத்தைத் தாங்கிப் பிடிக்கும். பள்ளி விடுமுறையில் கடற்பாலம் தாண்டி ஈப்போவுக்கு மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் அவை ஆவியாகிவிடும், மட்டம் திடீரென்று இறங்கும். பழி ஜொகூரில் எண்ணெய் மாற்றிய பட்டறை மேல் விழும்!

ரிங் சிக்கியிருந்தால் பிளக் துளை வழியாகக் கரைப்பான் ஊற்றி இரவு முழுக்க ஊறவைப்பார்கள். சில கார்களுக்குப் பலன் கிடைக்கும், சிலவற்றுக்கு ஓவர்ஹால்தான். கடைசியாக ஒன்றே ஒன்று: 5 ஆண்டுக்குப் புதுப்பித்த சிஓஇ-யை மறுபடி புதுப்பிக்க முடியாது, 10 ஆண்டு தாண்டிய காருக்குச் சாலை வரியும் ஏறும். ஆகவே அந்த 1,000 கிலோமீட்டர் கணக்கைப் பணம் கட்டிய பிறகு தொடங்காமல், மூன்று மாதம் முன்பே தொடங்குவீர்கள் என்று நம்புகிறோம்.